மூணு சென்ட்டில் ஒரு பங்கு

“பங்கு!”

கத்தியது நான்தான். கத்தின இடம்தான் தப்பு.

எழும்பூரில் ஒரு ஓட்டலின் மாடி ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், ஏசியின் உறுமல், பின்னால் ஒரு மேஜையில் ஆறிப்போன சமோசா. முழுக்கைச் சட்டை போட்ட பெரிய மனிதர்கள் மடியில் கேட்லாக்கை விரித்து, பென்சிலால் டிக் அடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். தபால்தலை ஏலம். அங்கே வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் மேடையில் சுத்தியலோடு நிற்பவர். மற்றவர்கள் நம்பர் எழுதின அட்டையைத் தூக்குவதோடு சரி. சிலர் அதைக்கூடத் தூக்க மாட்டார்கள்; புருவத்தைத் தூக்குவார்கள்.

அந்த ஹாலில்தான் நான் எழுந்து நின்று, பின்பக்கம் திரும்பி, தொண்டை நரம்பு புடைக்க “பங்கு!” என்றேன்.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

“என்னம்மா? பேங்க்கா?” என்றார் மேடைக்காரர். “செக்கா, டிராஃப்டான்றதை எல்லாம் அப்புறம் கவுன்ட்டர்ல பேசிக்கலாம். இப்ப மேல கேக்கறீங்களா, இல்லையா?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது மடல் வரைக்கும் சூடு.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மூன்று வரிசை தள்ளி, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த இளைஞர். அவ்வளவு நேரமும் என்னை எதிர்த்து அட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கும் பேங்க் என்றுதான் காதில் விழும்.

மீன் ஏலத்தின் இலக்கணம்

என் அம்மா கஸ்தூரி காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட் பக்கம் விற்பவள். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அம்மாவைத் தெரியும். புதிதாக வந்தவர்கள் கவலைப்பட வேண்டாம், அவள் பேச ஆரம்பித்தால் தானாகத் தெரிந்துவிடும்.

பள்ளிக்கூட லீவில் விடிந்தும் விடியாமல் அவளோடு துறைமுகத்துக்குப் போவேன். போட்டிலிருந்து இறக்கின மீனை ஈரத் தரையில் குவித்ததும் ஏலக்காரர் ஆரம்பிப்பார். கூடையில் வைத்து விற்கிற பெண்களுக்கு ஒரு குவியலை முழுசாக எடுக்கக் கட்டுப்படியாகாது. எடுக்காமல் போனால் அன்றைக்கு வியாபாரமே கிடையாது. ஆகவே ஒருத்தியை ஒருத்தி ஏற்றிவிடுவார்கள். ஏலக்காரர் வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

“இன்னாமே கஸ்தூரி, இஸ்துகினே போற? வூட்ல நோட்டு அடிக்கிறியா?” என்பாள் எதிரே நிற்கிற லட்சுமி அக்கா.

“வாய மூடினு கெட. ஒன்னாலதான் இம்மாந்தூரம் ஏறிச்சு.”

“அப்ப வுட்டுட்டுப் போயேன்.”

“நீ போ. நா இன்னாத்துக்குப் போவணும்? சங்கரா மீனு ஒங்கப்பன் வூட்டு சொத்தா?”

மூன்றாம் தரம் சொல்ல ஏலக்காரர் வாயைத் திறக்கிற அந்த நொடியில், ரெண்டு பேரில் ஒருத்தி “பங்கு!” என்று கத்துவாள். அவ்வளவுதான், விலை அங்கேயே நின்றுவிடும். ரெண்டு பேரும் சேர்ந்து குவியலை எடுப்பார்கள், கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு நிமிஷம் முன்னால் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டவர்கள் ஒரே ஐஸ் மூட்டையை உடைத்துப் பகிர்ந்துகொண்டு நிற்பார்கள். ஏலக்காரர் முகம்தான் சுருங்கிப்போகும்.

ஒருத்தி பங்கு என்று சொல்லிவிட்டால் மற்றவள் மறுக்கக் கூடாது. மறுத்தால் அப்புறம் அவளுக்கு யாரும் பங்கு சொல்ல மாட்டார்கள். எவ்வளவு பெரிய சண்டைக்காரியும் அதற்கு மட்டும் பயப்படுவாள்.

நான் பார்த்த முதல் ஏலம் அது. டிகிரி வாங்கினேன், டைப்பிங் பாஸ் பண்ணினேன், இங்கிலீஷில் ஃபோன் பேசக் கற்றுக்கொண்டேன். உடம்புக்கு மட்டும் ஏலம் என்றால் அதுதான்.

அமெரிக்கா எதுக்கும்மா?

அப்போது எனக்குப் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் டைப் அடிக்க வேண்டும். ஒருநாள் மெஷின் பாகம் வந்த மரப்பெட்டிக்குள் சுற்றுக் காகிதமாகச் சில பக்கங்கள் கசங்கிக் கிடந்தன. பழைய அமெரிக்கத் தபால்தலை கேட்லாக்கிலிருந்து கிழித்தது. பள்ளியில் எல்லாரும் சேர்ப்பதுபோல நானும் தபால்தலை சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இது வேறு.

அவர்களுடைய ஆரம்பகாலத் தலைகள். நூற்றைம்பது வருஷம் இருக்கும். ஓரத்தில் பல் கிடையாது. தபால் ஆபீஸில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூணு சென்ட் தலை என்று ஒன்று. முதல் ஜனாதிபதியின் பக்கவாட்டு முகம், சிவப்பு நிறம். அச்சடித்த தகட்டில் ஓரக்கோடுகள் சரியாக விழவில்லை என்று ஒவ்வொன்றையும் கையால் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு தாளில் இருக்கிற எந்த ரெண்டு தலையும் ஒன்றுபோல இல்லை! கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இது எந்தத் தகடு, எத்தனையாவது வரிசை, எந்த இடம் என்று சொல்லிவிடலாமாம்.

அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். “கோடு வேற வேறயா கீதா? சரி. துன்னுட்டுப் படு” என்றாள்.

ஆபீஸில் பக்கத்து சீட் அக்காவிடம் சொன்னேன். நான் ‘ஸ்டாம்பு’ என்றதை அவர் ‘ஸ்டம்பு’ என்று காதில் வாங்கிக்கொண்டு, “லேடீஸ் கிரிக்கெட் டீம்ல ஆடறியா? சொல்லவே இல்ல” என்றார். அப்புறம் ஆபீஸில் என் பெயரே ஸ்டம்பு ஆகிவிட்டது.

ஒரு தபால்தலைச் சங்கக் கூட்டத்துக்கும் போனேன். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். “பிரிட்டிஷ் இந்தியா சேர்க்கலாமே? திருவிதாங்கூர் சேர்க்கலாமே? அமெரிக்கா எதுக்கும்மா, அங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

இல்லை சார். ராயபுரத்திலேயே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம்தான்.

எதற்கு அமெரிக்கா என்று எனக்கும் பதில் தேவைப்பட்டது. தேடிப் படித்ததில் ஒன்று கிடைத்தது. அந்த மூணு சென்ட் புழங்கின காலத்தில், அங்கே ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி, மெட்ராஸில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று பஸ் ஸ்டாப் இருக்கிறதே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். இதைச் சொன்னபோதுதான் அம்மா நிமிர்ந்தாள்.

“அமெரிக்காலேந்து ஐஸா? கரையாது?”

“பாதி கரைஞ்சுடுமாம்.”

“பாதிதானா? நம்ம ஐஸு டோல்கேட் வர்றதுக்குள்ள முக்காவாசி பூடுது. மரத்தூளுன்னா சொன்ன?”

என் தபால்தலை ஆராய்ச்சியில் அம்மா ஆர்வம் காட்டினது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஐஸுக்காக.

டோல்கேட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு, ஓடுகிற ஃபேனில் பறக்கிற தூசி, பக்கத்துத் தடுப்பில் எவனோ ஒருவன் சாட்டிங்கில் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஆபீஸ் முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து அமெரிக்க ஏலங்களை வேடிக்கை பார்ப்பேன். கிரெடிட் கார்டு கிடையாது, அதனால் ஏலம் கேட்கவும் முடியாது. நான் ஆசைப்பட்ட தலையை யாரோ ஒருவர் ஏதோ ஊரிலிருந்து எடுத்துவிடுவார். திரையில் அவருடைய புனைபெயர் மட்டும் தெரியும். பொறாமையே வராது எனக்கு. ஒரே ஒரு வாக்கியம் அவரிடம் பேச வேண்டும் போல இருக்கும். ‘அந்த இடதுபக்கக் கோட்டை நீங்களும் பார்த்தீங்கல்ல?’

ஒரு விஷயத்தை விரும்புவது கஷ்டமே இல்லை. அதைப் பற்றிப் பேச ஒரு ஆள்கூட இல்லாமல் விரும்புகிறோமே, அப்போது வாய்க்குள் நாக்கு கனக்கிறது.

சிவப்பு இல்லாத சிவப்பு

எழும்பூர் ஏலத்துக்கு முந்தின நாள் பொருள்களைப் பார்க்க விட்டார்கள். கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில், யாரும் டிக் அடிக்காத ஓரத்தில் ஒரு வரி: ‘அமெரிக்கா, பழையது, சிவப்பு, ஜோடி, முத்திரை விழுந்தது.’

கவரைத் திறந்தேன். மூணு சென்ட். ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி ரெண்டு தலைகள். வெட்டாமல், பிரிக்காமல். அச்சாகும்போது பக்கத்துப் பக்கத்தில் பிறந்தவை, அப்படியே வந்திருக்கின்றன.

அப்புறம் நிறத்தைப் பார்த்தேன். சிவப்பு இல்லை அது. செங்கலை உரசினால் வருமே ஒரு பொடி, அந்த நிறம். முதல் சில மாதங்கள் மட்டும் அப்படி அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் மை மாறிவிட்டது. கேட்லாக் எழுதினவருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது!

கவரை மூடி, முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஏதோ ஒரு நாட்டு விமானத் தபால்தலையை ரொம்ப நேரம் ரசிப்பதுபோல் நடித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதில் சம்பளத்தில் பாதி வரைக்கும் போகலாம் என்று பட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை.

மறுநாள் அந்த ஜோடி ஏலத்துக்கு வந்தபோது பாதி ஹால் டீ குடிக்கப் போயிருந்தது. நான் அட்டையைத் தூக்கினேன். யாரும் தூக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நொடியில் மேடைக்காரரின் கண் எனக்குப் பின்னால் போனது.

இன்னொரு அட்டை.

நான் தூக்கினேன். அது தூக்கியது. மறுபடி நான். மறுபடி அது. பாதிச் சம்பளம் தாண்டியாயிற்று. “ஒரு தரம்... ரெண்டு தரம்...” எனக்கு ஹால் மறந்துவிட்டது. காலடியில் ஈரத் தரை, எதிரே லட்சுமி அக்கா. திரும்பினேன், கத்தினேன்.

ஹாலில் எழுந்த இன்னொருவர்

சிரிப்பு அடங்கும்போது அந்த இளைஞர் எழுந்தார். ஒல்லி, கட்டம் போட்ட சட்டை, காலில் ரப்பர் செருப்பு.

“சரிங்க. பங்கு” என்றார்.

மேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாப்பா நடக்குது? சீட்டுக் கம்பெனியா நடத்தறீங்க? யார் பேருக்குப் போடறது நான்?”

“அவங்க நம்பருக்குப் போடுங்க சார். நாங்க வெளிய பாத்துக்கிடுதோம்.”

சுத்தியல் விழுந்தது.

படிக்கட்டில் நின்று பேசினோம். பெயர் செல்வின். காசிமேடு ஹார்பர் கேட்டுக்கு எதிரே அவர்களுக்குக் கயிறு, நைலான் வலை, மிதவை விற்கிற கடை. அப்பா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டுத் தமிழ் மட்டும் இன்னும் ரயில் ஏறி வரவில்லை.

“எங்க கடை வாசல்லதான் மீன்காரம்மாங்க மீனைப் பங்கு போடுவாங்க. சின்னப் புள்ளையிலேருந்து பாக்குதேன். ஏசி ஹால்ல இன்னைக்குத்தான் கேட்டேன்.”

“நீங்க மட்டும் சிரிக்கலையே?”

“எப்படிங்க சிரிக்க? பங்கு சொன்னா பங்குதான்.”

பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, ஜோடியை வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சிவப்பே இல்லங்க இது. பாத்தீங்களா?” என்றார்.

இந்த மாதிரிக் கேள்வியை நான்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. வேகமாகத் தலையை ஆட்டினேன்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். “அம்மா, ஏலத்துல மூணு சென்ட் எடுத்துட்டேன்! எனக்குப் பாதிப் பங்கு!”

அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “எங்கடி? மீஞ்சூராண்டயா, புழலாண்டயா?”

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா தலையை நீட்டினாள். “பட்டா கிளியரா கீதான்னு பாரு கஸ்தூரி. ஏலத்துல வர்ற நெலம் வில்லங்கமாத்தான் கெடக்கும்.”

ரெண்டு பேருக்கும் கவரைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். கடைசியில் அம்மா கேட்டாள்: “இதுல எந்த எடத்துலடி வூடு கட்றது?”

மாதம் ஒருத்தர்

ஜோடியை வெட்டுவதைப் பற்றி அப்போது நாங்கள் பேசக்கூட இல்லை. தபால்தலை சேர்ப்பவர்களுக்கு அது குழந்தையை வெட்டுவது மாதிரி. ஒரு மாதம் என்னிடம், அடுத்த மாதம் அவரிடம் என்று வைத்துக்கொண்டோம். கைமாற்றுகிற இடம் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிளாட்பாரத்தில் எங்களையும் நாய்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

கவரைக் கொடுத்து வாங்க ஒரு நிமிஷம் போதும். நாங்கள் மூன்று ரயில் போகிற வரை பேசுவோம். அவர் சட்டையிலிருந்து புது நைலான் கயிற்றின் வாடை வரும். என்னிடமிருந்து என்ன வாடை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை.

சில நாள் டோல்கேட் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய தகடுகளின் படங்களை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். ஒரு படம் முழுசாக இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். எங்கள் ஜோடியின் கோடுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

“இல்லங்க. இது மேல்கோடு ரெட்டையா இருக்கு.”

“அது அழுக்கு” என்பேன் நான்.

“அழுக்கா? நல்லாப் பாருங்க. நீங்க ஸ்கிரீனத் தொடச்சுட்டுப் பாருங்க.”

துடைத்தால் கோடு போய்விடும். ஸ்கிரீன் அழுக்குதான். இப்படியே மாதக்கணக்கில் தேடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தோம். எந்த வரிசை, எந்த ரெண்டு இடம் என்று தெரிந்துவிட்டது. செல்வின் எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்துத் தடுப்பு டாக்டர் எட்டிப் பார்த்தார். அவரிடமும் காட்டினோம். “சூப்பர் மாமு” என்றுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

காதலா என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டாள். “அந்தக் கயித்துக்கடைப் புள்ள எப்டி?” “எப்டின்னா?” “ஒண்ணியும் இல்ல. சொம்மா கேட்டேன்.” எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவருடைய மாதத்தில் என் ஆல்பத்தின் அந்தப் பக்கம் காலியாக இருக்கும். திறந்து அந்தக் காலியிடத்தைப் பார்ப்பேன். ஜோடிக்காகவா பார்த்தேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பிரித்தல்

மழை விட்ட ஒரு ஞாயிறு. பெஞ்ச் ஈரம். செல்வின் உட்காரவில்லை.

“அண்ணன் தூத்துக்குடில கடை போடுதான். என்னை அங்க பாத்துக்கச் சொல்லுதாங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“கடைக்கு நாள் கணக்கு உண்டா? எல்லாரும் ‘சொந்த ஊருக்குப் போற’ன்னு சந்தோஷப்படுதாங்க. எனக்கு அங்க ஒரு தெருகூடத் தெரியாது.”

அப்புறம் நான் சொன்னேன். “ஜோடியை நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

“அது பங்கு இல்லங்களே. நீங்க வெச்சிக்கிடுங்க.”

“அதுவும் பங்கு இல்லையே.”

தூத்துக்குடிக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் மாதா மாதம் தபாலில் அனுப்பலாமா என்றும் யோசித்தோம். நூற்றைம்பது வருஷம் பிழைத்ததைச் சாதாரணத் தபாலில் போட ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. தபால்தலை மேல் உயிரை வைத்தவர்களுக்குத் தபால் மேல் நம்பிக்கை இல்லை!

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

“பங்கு சொன்னது யாரு? அவனா, நீயா?”

“நான்.”

“அப்ப பிரி.”

“பிரிச்சா பாழாப்பூடும்மா.”

“பங்குன்னா பிரிக்கிறதுதான்டி. பிரிக்காத வெச்சிகினு குந்தினா கெட்டுப்பூடும். அப்பால ஒனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல.”

அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாள். இருந்தாலும் நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஒற்றைச் சொல்லைக் கத்தி ஒரு ஆளைச் சம்பாதித்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டோல்கேட் சிக்னல் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிற கட்டர் அங்கே இருந்தது. எங்கள் கத்தரிக்கோல் எதையும் நாங்கள் நம்பவில்லை. ஸ்டுடியோ அண்ணன் ஜோடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, எறும்புக்கு எடுத்த பாஸ்போர்ட்டா?”

“நாங்களே வெட்டிக்கறோம்ணா.”

பிரச்சினை என்னவென்றால், அந்த வெளியீட்டில் ரெண்டு தலைகளுக்கு நடுவே இடைவெளி மயிரிழைதான். எங்கே வெட்டினாலும் ஒன்றுக்கு அடிபடும். ஓரம் முழுசாக இருக்கிற தலைக்குத்தான் மதிப்பு. ஓரக்கோடு வெட்டுப்பட்டால் அது ஊனம்.

“கூறு போடுத ஆளு கடைசிலதான் எடுக்கணும். தெரியும்லா?” என்றார் செல்வின்.

தெரியும். மீன் பங்கிலும் அதுதான் வழக்கம். அதனால்தான் நான் வெட்டுகிறேன் என்றேன்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே ஜோடியை நகர்த்தினேன். சரியாக நடுவில் நிறுத்தவில்லை. வெட்டு கொஞ்சமே கொஞ்சம் வலதுபக்கம் விழும்படி தள்ளினேன். இடதுபக்கத் தலைக்கு நாலு ஓரமும் முழுசாகக் கிடைக்கும். வலதுபக்கத்தது தன் கோட்டை இழக்கும். முதலில் எடுக்கப்போவது செல்வின். சேர்க்கத் தெரிந்த எவரும் முழுசைத்தான் எடுப்பார்கள். தெரியாத ஊரில் தனியாக உட்காரப் போகிறவர், நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்காரட்டும்.

கட்டரை அழுத்தினேன். சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

செல்வின் ரெண்டையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலதுபக்கத்தை எடுத்துக்கொண்டார்.

“ஏங்க, அது அடிபட்டது.”

“தெரியுது.”

“நல்லது இந்தப் பக்கம்.”

“நீங்க சாச்சு வெட்டுனதும் தெரியுது.”

“அப்புறம் எதுக்கு...”

“எடுக்குதவன்கிட்டக் கேள்வி கேக்கக் கூடாதுல்லா? அப்ப கேக்காதீங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. மிச்சமிருந்ததைக் கவரில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்கு வந்த பஸ்ஸில் ஒரே கூட்டம். சட்டைப் பாக்கெட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். எனக்கு ஆட்டிக் காட்ட அவருக்குக் கை மிச்சமில்லை.

அங்கே போனபிறகு ஆபீஸ் நம்பருக்கு ஒருதடவை ஃபோன் பண்ணினார். பின்னால் போட் இன்ஜின் சத்தம். “இங்க இதுவரைக்கும் யார்ட்டயும் காட்டல” என்றார். “நானும் காட்டல” என்றேன். நேரில் மூன்று ரயில் போகிற வரை பேசினவர்களுக்கு ஃபோனில் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்புறம் அழைப்பும் வரவில்லை.

சமீபத்தில் சங்கத்துக் கண்காட்சியில் என் தலையை வைத்தேன். இப்போதெல்லாம் அமெரிக்கா எதுக்கும்மா என்று யாரும் கேட்பதில்லை, பழகிவிட்டது. ஒரு பெரியவர் கண்ணாடியை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“அடேயப்பா! நாலு பக்கமும் மார்ஜின். இந்த வெளியீட்டுல இப்படிக் கிடைக்காதும்மா. இந்த வலது ஓரத்தைப் பாருங்க, பக்கத்து ஸ்டாம்போட கோடு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுதான் இதுக்கு அழகே. அந்த ஸ்டாம்பு இப்ப உலகத்துல எந்த மூலையில இருக்கோ!”

“தூத்துக்குடில சார்” என்றேன். “ஒரு கயித்துக் கடைல.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு, “தூத்துக்குடியாம், கேட்டீங்களா?” என்று அவரையும் சிரிக்க வைத்தார்.